தோலுரிக்கும் வேளை எங்கே முடிவாகிறது?

புகையிலைச் செடியைத் தின்னும் மாண்டூக்கா அந்துப்பூச்சியின் புழு, முட்டையிலிருந்து வெளிவரும்போது சுமார் 1 மில்லிகிராம் எடை இருக்கும். மூன்று வாரங்களில் அது சுமார் 10 கிராமுக்கு வளர்ந்துவிடும். ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு! இப்படிப் பெருக்கும் உடலைப் போர்த்தியிருக்கும் மேல்தோலில் உயிருள்ள செல்கள் இல்லை. கைட்டினும் புரதமும் அடுக்கடுக்காகப் படிந்து உண்டான உறை அது. உடம்பை மூடிய பகுதி ஓரளவு விரிந்து கொடுக்கும். தலையோடும் தாடைகளும் மூச்சுக்குழல்களின் உட்சுவரும் விரிந்து கொடுப்பதில்லை. அதனால் பூச்சி வளர வேண்டுமானால் பழைய உறையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றும் வேலை லேசானதல்ல. அடியில் புதிய தோல் உருவாக வேண்டும், பழைய தோலின் உள்ளடுக்கு கரைக்கப்பட்டுச் சத்து மீட்கப்பட வேண்டும், குடலின் முன் பின் பகுதிகளின் உட்பூச்சும் மூச்சுக்குழல்களின் உட்பூச்சும் உருவி வெளியே வர வேண்டும். அந்த நேரத்தில் பூச்சியால் தின்ன முடியாது, ஓட முடியாது, கடிக்க முடியாது. முன்கூட்டியே தோலுரித்தால் உடல் சிறுத்துப் போகும். தாமதித்தால் இறுகிய உறைக்குள் வளர்ச்சி திணறும். எந்த நாளில் உரிப்பது என்ற கணக்கு பூச்சிக்கு வாழ்வா சாவா என்ற கணக்கு.

அந்தக் கணக்கைப் போடுவது யார்? பாடநூல்கள் தரும் விடை மூன்று வரியில் அடங்கிவிடும். மூளை ஒரு ஹார்மோனை அனுப்புகிறது. அது மார்பின் முன்பகுதியில் உள்ள ஒரு சுரப்பியைத் தூண்டுகிறது. அந்தச் சுரப்பி எக்டைசோன் என்ற தோலுரிப்பு ஹார்மோனைச் சுரக்க, தோல் கீழ்ப்படிகிறது. இதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனால் கடந்த தொண்ணூறு ஆண்டுகளில் சேர்ந்துள்ள சான்றுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், மேலிருந்து கீழே இறங்கும் ஆணையாக இதைப் படிப்பது தவறு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஹார்மோன் தயாராகும் ஒவ்வொரு படியும் உடலின் ஏதாவது ஒரு நிலையை விசாரித்துவிட்டுத்தான் அடுத்த படிக்கு நகர்கிறது. தின்ற உணவு, சேர்ந்த எடை, கிடைக்கும் காற்று, ஆறாத காயம், பகலின் நீளம் ஆகிய அத்தனைக்கும் இதில் பங்கு உண்டு. உற்பத்தி நடக்கும் விதத்திலேயே முடிவும் அடங்கியிருக்கிறது.

மூளைக்குத் தலைமைப் பதவி எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். போலந்து உயிரியலாளர் ஸ்டெஃபான் கோபெச் 1917இலும், பிறகு விரிவாக 1922இலும், ஜிப்சி அந்துப்பூச்சிப் புழுக்களில் செய்த சோதனைகளை வெளியிட்டார். கடைசிப் பருவத்துப் புழுவின் நடுவுடலை நூலால் இறுகக் கட்டினார். முன்பாதியின் குருதி இனிப் பின்பாதிக்குப் போகாது. சீக்கிரமே கட்டுப் போட்டால் முன்பாதி மட்டும் கூட்டுப்புழுவாக மாறியது, பின்பாதி புழுவாகவே கிடந்தது. சில நாள் பொறுத்துக் கட்டினால் இரண்டு பாதிகளும் மாறின. நரம்பு வடத்தை மட்டும் வெட்டிப் பார்த்தார். எந்தத் தடையும் இல்லை. மூளையை முன்னதாக அகற்றினால் மாற்றம் நின்றது, பிந்தி அகற்றினால் நிற்கவில்லை. மூளையிலிருந்து ஏதோ ஒன்று குருதி வழியே போகிறது என்பதைத் தவிர வேறு முடிவுக்கு இடமில்லை. நரம்புத் திசு ஹார்மோன் சுரக்கும் என்று காட்டிய முதல் சோதனை இதுதான். அன்றைய அறிவியல் உலகம் இதற்கு உரிய மதிப்பைத் தரவில்லை. 1941இல் கோபெச்சை நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். அவர் திறந்து வைத்த துறை தழைத்தது அதற்குப் பிறகுதான்.

லண்டனில் வின்சென்ட் விகிள்ஸ்வொர்த் 1934இல் எடுத்துக்கொண்ட பூச்சி ரோட்னியஸ். தென்னமெரிக்காவில் சாகஸ் நோயைப் பரப்பும் இரத்தம் உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி இது. இதன் இளம்பருவங்கள் ஐந்து. ஒவ்வொரு பருவத்திலும் வயிறு முட்ட ஒருமுறை இரத்தம் குடித்தால் போதும், குறிப்பிட்ட நாள்கள் கழித்துத் தோலுரிக்கும். குடித்த உடனே தலையைத் துண்டித்தால் அந்தப் பூச்சி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தோல் மட்டும் உரிக்காது. சில நாள் கழித்துத் தலையை வெட்டினால் தலையில்லாமலே உரிக்கும். இந்த இரண்டு பூச்சிகளையும் குருதி கலக்கும்படி ஒட்டவைத்தபோது, உரிக்க முடியாமல் இருந்ததும் சேர்ந்து உரித்தது. 1940இல் ஜப்பானில் சோயிச்சி ஃபுகுடா, பட்டுப்புழுவின் முன்மார்புச் சுரப்பியை எடுத்துக் கட்டுப்போட்ட உடற்பகுதிக்குள் பொருத்தி, மாற்றத்தை உண்டாக்குவது அந்தச் சுரப்பியே என்று நிறுவினார். ஹார்வர்டில் கேரல் வில்லியம்ஸ், குளிர்கால உறக்கத்தில் இருக்கும் செக்ரோப்பியா கூட்டுப்புழுக்களைக் கொண்டு இந்த இரண்டையும் இணைத்தார். தனித்துப் பிரிக்கப்பட்ட வயிற்றுப்பகுதிக்குள் மூளையை மட்டும் வைத்தால் ஒன்றும் நடக்காது. மூளையோடு முன்மார்புச் சுரப்பியையும் வைத்தால் அந்த வயிறு முதிர்பூச்சியின் வயிறாக வளர்ந்தது. மூளை தூண்டுகிறது, சுரப்பி சுரக்கிறது என்ற வரிசை இப்படித்தான் உறுதியானது.

இந்த ஆய்வுகளின் தரத்தை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் விகிள்ஸ்வொர்த்தின் கட்டுரையிலேயே ஒரு செய்தி இருக்கிறது. அதற்குப் பிந்தைய பாடநூல்கள் அதை ஓரத்தில் தள்ளிவிட்டன. ரோட்னியஸுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை இரத்தம் கொடுத்தால் அது தோலுரிப்பதில்லை. ஒரே மூச்சில் வயிறு விரியக் குடிக்க வேண்டும். வயிற்றிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு வடத்தை வெட்டிவிட்டால், எவ்வளவு குடித்தாலும் பயனில்லை. அதாவது மூளை தானாக நேரம் பார்த்து ஆணையிடவில்லை. வயிறு நிறைந்தது என்ற செய்தி வந்த பிறகே அது அசைந்தது. ஆணையிடுவதாக நாம் நினைத்த உறுப்பே வேறொன்றின் சொல்லுக்குக் காத்திருந்தது.

சுரக்கப்படும் பொருள் எது என்று தெரிந்தபோது கதை இன்னும் ஆழமானது. பாலின ஹார்மோன் ஆய்வுக்காக 1939ஆம் ஆண்டின் நோபல் பரிசுக்குத் தேர்வான அடால்ஃப் பூட்டெனான்ட், பீட்டர் கார்ல்சனோடு சேர்ந்து 500 கிலோ பட்டுப்பூச்சிக் கூட்டுப்புழுக்களை அரைத்து, வடித்து, பிரித்து, 1954இல் படிகமாக எடுத்த எக்டைசோனின் அளவு 25 மில்லிகிராம். அதன் வடிவமைப்பு முழுதாகத் தெரிய 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விடை பலருக்கும் வியப்பாக இருந்தது. அது ஒரு ஸ்டீராய்டு. நம் உடலின் ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் ஆகியவை எந்தக் குடும்பமோ அதே குடும்பம். ஸ்டீராய்டு எதுவானாலும் அதன் மூலப்பொருள் கொலஸ்ட்ரால் போன்ற ஸ்டெரால். நம் கல்லீரல் அதைத் தானே செய்துகொள்ளும். பூச்சிகளால் முடியாது. பிணங்களில் மொய்க்கும் ஒருவகை ஈயின் புழுக்களுக்குக் கொலஸ்ட்ரால் உணவிலிருந்தே வர வேண்டும் என்று ஆர்.பி. ஹாப்சன் 1935இலேயே காட்டியிருந்தார். பிற்பாடு ஆராயப்பட்ட பூச்சிகளிலும் இதுவே உண்மை என்று தெரிந்தது. ஸ்டெராலின் வளையங்களை முதலில் கட்டத் தேவையான நொதிகள் பூச்சிகளின் மரபணுத் தொகுப்பில் இல்லை. அடுத்த தோலை உரிக்க வேண்டிய ஹார்மோனின் எலும்புக்கூட்டை ஒவ்வொரு பூச்சியும் வாயால்தான் சம்பாதித்தாக வேண்டும்.

இலை தின்னும் புழுவுக்கு இதில் இன்னொரு சிக்கல். தாவரங்களில் கொலஸ்ட்ரால் மிகக் குறைவு. அங்கே நிறைந்திருப்பது சிட்டோஸ்டெரால், கேம்பெஸ்டெரால் போன்றவை. இவற்றின் பக்கவாலில் ஒன்றிரண்டு கார்பன் அணுக்கள் கூடுதல். பட்டுப்புழுவும் மாண்டூக்காவும் அந்தக் கூடுதல் அணுக்களைக் கழற்றிக் கொலஸ்ட்ராலாக மாற்றிக்கொள்கின்றன. தேனீயால் அது முடியாது. மகரந்தத்தில் கிடைக்கும் ஸ்டெராலை அப்படியே எடுத்துக்கொள்வதால், தேனீயின் கூட்டுப்புழுவில் முதன்மையாக இருக்கும் தோலுரிப்பு ஹார்மோனே வேறு. மக்கிஸ்டெரோன் என்று பெயர், ஒரு கார்பன் அதிகம். பூச்சி எதைத் தின்கிறது என்பது ஹார்மோனின் வேதியியல் வடிவத்தையே மாற்றிவிடுகிறது.

இதன் உச்சத்தைக் காண வடமெரிக்காவின் சொனோரா பாலைவனத்துக்குப் போக வேண்டும். அங்கே டிரோசோஃபிலா பாச்சியா என்ற சிறு ஈ, செனிட்டா என்னும் ஒரே ஒரு கள்ளி இனத்தின் அழுகிய தண்டில் மட்டும் இனப்பெருக்கம் செய்கிறது. மற்ற டிரோசோஃபிலா ஈக்கள் கொலஸ்ட்ராலில் தொடங்கி எக்டைசோன் செய்யும். அந்தப் பாதையின் முதற்படியைச் செய்யும் நொதிக்கு நெவர்லேண்ட் என்று பெயர். பாச்சியாவின் நெவர்லேண்ட் நொதி மாறிப்போய்விட்டதையும், அதற்குக் கொலஸ்ட்ராலைக் கையாளத் தெரியாததையும் 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. செனிட்டா கள்ளியில் உள்ள லாத்தோஸ்டெரால் என்ற அரிய ஸ்டெராலைத்தான் அது ஏற்கும். ஒரு நொதியில் ஏற்பட்ட சில அமினோ அமில மாற்றங்கள் ஓர் இனத்தையே ஒரு செடியோடு கட்டிப்போட்டுவிட்டன. இந்த ஈயின் மூளை எத்தனை ஆணைகள் அனுப்பினாலும் அந்தக் கள்ளி இல்லாமல் தோலுரிப்பு கிடையாது.

இங்கே ஒருவர் மறுக்கலாம். மூலப்பொருள் இல்லாவிட்டால் எந்த உற்பத்தியும் நிற்கும். அதை ஒரு கட்டுப்பாடு என்று எப்படிச் சொல்வது? தட்டுப்பாட்டையும் நிர்வாகத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாதல்லவா? நியாயமான கேள்வி. ஸ்டெரால் வரத்து மட்டுமே என் சான்றாக இருந்தால் இந்த மறுப்பை ஏற்றுக்கொண்டிருப்பேன். ஆனால் மூலப்பொருள் வந்து சேர்ந்த பிறகும் வேலை ஒரே இடத்தில், ஒரே கையால் நடப்பதில்லை.

இதைத் தெரிந்துகொள்ள உதவியவை பழ ஈயின் சில மரபணுக்கள். கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ் ஆகியோரின் குழு 1980களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான மரபணுக் குறைபாடுகளைச் சலித்துத் தேடியபோது, மேல்தோலே உருவாகாமல் வெளிறிப்போன சில கருக்கள் அகப்பட்டன. பார்க்கப் பேய்போல இருந்ததால் அந்த மரபணுக்களுக்கு ஃபேண்டம், டிஸெம்பாடிட், ஷேடோ, ஷேட், ஸ்பூக் என்று பெயரிட்டார்கள். மொத்தமாக ஹாலோவீன் மரபணுக்கள் என்ற பெயர் நிலைத்தது. அவற்றின் வேலை என்ன என்பது 2000க்குப் பிறகுதான், லாரன்ஸ் கில்பர்ட், மைக்கேல் ஓ'கானர் ஆகியோரின் ஆய்வகங்கள் சேர்ந்து உழைத்ததில் விளங்கியது. எல்லாம் எக்டைசோன் தயாரிப்பில் ஈடுபடும் நொதிகள். நெவர்லேண்ட் கொலஸ்ட்ராலில் இருந்து இரண்டு ஹைட்ரஜன்களை நீக்குகிறது. அப்போது உண்டாகும் பொருள்தான் நம் தோலில் வெயில் பட்டதும் வைட்டமின் டி ஆக மாறுவதும். அடுத்து வரும் சில படிகளை ஆய்வாளர்கள் இன்றும் கறுப்புப்பெட்டி என்றே குறிப்பிடுகிறார்கள். ஸ்பூக் அங்கே வேலை செய்கிறது. அதன்பின் ஃபேண்டம், டிஸெம்பாடிட், ஷேடோ ஆகிய மூன்றும் வரிசையாக ஓர் ஆக்ஸிஜன் அணுவை ஒவ்வோர் இடத்தில் பொருத்த, எக்டைசோன் தயார்.

தயார் என்பதும் முழு உண்மையல்ல. பூட்டெனான்டின் குழு படிகமாக்கிய அந்த எக்டைசோன் பெரும்பாலும் ஒரு முன்னோடிப் பொருள்தான். உண்மையில் மரபணுக்களை இயக்குவது அதன் 20ஆம் கார்பனில் இன்னோர் ஆக்ஸிஜன் ஏறிய வடிவம். அந்தக் கடைசி ஆக்ஸிஜனைப் பொருத்தும் ஷேட் நொதி முன்மார்புச் சுரப்பியில் இல்லை. கொழுப்புத் திசுவிலும், நடுக்குடலிலும், கழிவு நீக்கும் மால்பிகிக் குழல்களிலும் இருக்கிறது. சுரப்பி பாதி வேலையை முடித்து அனுப்ப, உண்டு செரித்துச் சேமிக்கும் உறுப்புகள் மீதி வேலையைச் செய்கின்றன. போக்குவரத்திலும் இதே கதைதான். ஸ்டீராய்டுகள் கொழுப்பில் கரைவதால் செல்சவ்வுகளை எளிதில் ஊடுருவிப் போகும், அவற்றுக்கு வாசற்கதவு தேவையில்லை என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. பழ ஈயின் சுரப்பிச் செல்கள் எக்டைசோனை நுண்பைகளில் அடைத்து, கால்சியம் சைகை வந்த பிறகே வெளியேற்றுகின்றன என்று 2015இல் தெரிந்தது. பெறும் செல்லுக்குள் ஹார்மோன் நுழையவும் ஒரு கடத்திப் புரதம் வேண்டும் என்று 2018இல் தெரிந்தது. வெளியேறும் இடத்திலும் நுழையும் இடத்திலும் உடல் கைவைக்க முடியும் என்றால், உற்பத்தியின் ஒவ்வோர் எல்லையிலும் ஒரு தணிக்கை இருக்கிறது.

இனி மூளைக்கு வருவோம். மூளை அனுப்பும் தூண்டு ஹார்மோன் ஒரு சிறு புரதம். ஆய்வுக்கட்டுரைகளில் அதன் பெயர் பி.டி.டி.எச். ஜப்பானிய ஆய்வாளர்கள் லட்சக்கணக்கான பட்டுப்பூச்சித் தலைகளைச் சேர்த்துப் பல ஆண்டுகள் பாடுபட்டு அதைத் தூய்மையாக்கினார்கள். அதன் மரபணு 1990இல் கிடைத்தது. சுரப்பிச் செல்லில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி டோர்சோ என்று 2009இல் தெரியவந்தது. ஈயின் கருவில் தலைமுனையையும் வால்முனையையும் வகுக்கும் புரதமாக ஏற்கெனவே அறிமுகமானதுதான் டோர்சோ. வரிசை முழுதாகிவிட்டது, மூளையின் ஆட்சி உறுதியாகிவிட்டது என்றே தோன்றும். ஆனால் 2007இல் பழ ஈப் புழுக்களில் பி.டி.டி.எச் சுரக்கும் நரம்புச் செல்களை அழித்துப் பார்த்தபோது புழுக்கள் தோலுரித்தன, கூட்டுப்புழுவும் ஆயின. காலம்தான் தாமதித்தது. தாமதித்த நாள்களில் தின்றுகொண்டே இருந்ததால் முதிர்பூச்சிகள் வழக்கத்தைவிடப் பெரியவையாகப் பிறந்தன. ஆணையிடுபவர் இல்லாமலும் வேலை நடந்துவிட்டது.

அப்படியானால் சுரப்பி வேறு யார் சொல் கேட்டது? 2005இல் வெளியான ஆய்வுகள் இன்சுலினைச் சுட்டின. பூச்சிகளிலும் இன்சுலின் போன்ற ஹார்மோன்கள் உண்டு, ஊட்டம் சேரும்போது அவை ஏறும். முன்மார்புச் சுரப்பிச் செல்களில் மட்டும் இன்சுலின் பாதையை முடுக்கிவிட்டபோது, புழு இன்னும் சிறியதாக இருக்கும்போதே போதிய அளவு வளர்ந்துவிட்டதுபோல நடந்துகொண்டு, சீக்கிரமே கூடுகட்டிக் குள்ளமான ஈயானது. பாதையை அடக்கியபோது தாமதித்துப் பெரிய ஈயானது. உடலின் அளவைச் சுரப்பி தன் சொந்த ஊட்டநிலையைக் கொண்டே எடை போடுகிறது என்பதே இதன் பொருள். மாண்டூக்காவில் ஃபிரெட் நைஹவுட்டும் வில்லியம்ஸும் 1974இலேயே இதன் வெளித்தோற்றத்தைக் கண்டிருந்தார்கள். கடைசிப் பருவத்துப் புழு ஓர் எல்லை எடையைத் தாண்டிவிட்டால், அதன்பின் பட்டினி போட்டாலும் உரிய நேரத்தில் உருமாற்றத்துக்குப் போகும். அந்த எல்லையைப் புழு எப்படி அறிகிறது என்பதற்கு 2011இல் ஒரு விடை கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது. உடல் வளர்கிறது, மூச்சுக்குழல்கள் ஒரு பருவத்துக்குள் வளர்வதில்லை. திசு பெருகப் பெருக ஆக்ஸிஜன் பற்றாக்குறை தொடங்குகிறது. அந்தத் தொடக்கம் எல்லை எடையோடு ஒத்துப்போகிறது. ஆக்ஸிஜன் குறைந்த காற்றில் வளர்த்தால் புழு சிறிய எடையிலேயே எல்லையை எட்டுகிறது. உறை பற்றவில்லை என்ற உண்மையையே உடல் உறையை மாற்றும் சைகையாக எடுத்துக்கொள்கிறது.

காயமும் பேசுகிறது. ஈப்புழுவின் உடலுக்குள் பிற்காலச் சிறகும் காலும் கண்ணும் சிறு தட்டுகளாக வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு தட்டு சிதைந்தால் புழுவின் உருமாற்றம் தள்ளிப்போகும் என்பது பழைய செய்தி. சிதைந்த தட்டு வெளியிடும் புரதம் டில்ப்8 என்பதை 2012இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டன. அந்தச் சைகை மூளையிலுள்ள நரம்புச் செல்களை எட்டி, பி.டி.டி.எச் வரத்தைத் தடுத்து, எக்டைசோன் எழும் நாளைத் தள்ளிப்போடுகிறது. இன்னும் முடிக்கப்படாத ஒரு சிறகு, முழு உடலின் நாள்காட்டியை நிறுத்தி வைக்கிறது.

இதற்கெல்லாம் வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. பழ ஈ தனி வகை. அதன் முன்மார்புச் சுரப்பி வேறு சுரப்பிகளோடு ஒட்டி ஒரு வளையமாகிவிட்டது. பல லட்சம் தலைமுறை கடந்த குறுகிய வாழ்க்கைக்கு ஏற்ப அதன் வழிகள் திரிந்திருக்கலாம். வில்லியம்ஸின் செக்ரோப்பியா கூட்டுப்புழு மூளையில்லாமல் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்தது உண்மைதானே? உண்மைதான். பூச்சிக்குப் பூச்சி மூளையின் பங்கு வேறுபடும் என்பதை நான் மறுக்கவில்லை, மறுக்கவும் கூடாது. ஆனால் செக்ரோப்பியாவில் நடப்பதைக் கூர்ந்து பாருங்கள். குளிர்காலத்தைத் தாண்டும் கூட்டுப்புழு உண்பதில்லை, வளர்வதில்லை, எடை கூடுவதில்லை. ஊட்டமும் எடையும் சொல்ல எதுவுமில்லாத அந்த நிலையில் மிஞ்சியிருக்கும் ஒரே கேள்வி, வெளியே பருவம் மாறிவிட்டதா என்பது. குளிரைக் கணக்கிட வல்ல உறுப்பு மூளை. அதனால் அங்கே மூளையின் சொல்லே எல்லாமாகத் தெரிகிறது. தின்று வளரும் புழுவில் கேள்விகள் பல, அதனால் குரல்களும் பல. சோதனைக்கு எந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்பதே நமக்குக் கிடைத்த விடையைப் பாதி தீர்மானித்துவிட்டது.

எல்லாமே கட்டுப்படுத்துகிறது என்று சொன்னால் எதுவும் கட்டுப்படுத்தவில்லை என்றாகிவிடாதா என்றும் கேட்கலாம். ஆகாது. ஒவ்வொரு சைகைக்கும் தனித்தனியான கேள்வி இருக்கிறது, தனித்தனியான பாதை இருக்கிறது, ஆய்வகத்தில் தனித்தனியாகத் தடுத்துப் பார்க்க முடிகிறது. அவை கூடுமிடம் ஒன்றுதான். பழ ஈயில் சில பத்துச் செல்களே கொண்ட அந்தச் சுரப்பி. அந்தச் செல்கள் பிரியாமலே தம் டி.என்.ஏவை மீண்டும் மீண்டும் நகலெடுத்துப் பெருக்கின்றன. அந்த நகலெடுப்பும் ஊட்டம் கிடைத்தால்தான் முன்னேறும். சுரப்பி ஒரு குழாய் என்றால் அதற்கு இவ்வளவு ஏற்பாடு தேவைப்படாது. இளம் ஹார்மோனையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அது மூளைக்குப் பின்னால் உள்ள வேறொரு சிறு சுரப்பியிலிருந்து வருகிறது. எக்டைசோன் எழும்போது இளம் ஹார்மோன் நிறைய இருந்தால் புழு மீண்டும் புழுவாகத் தோலுரிக்கும், இல்லாவிட்டால் உருமாறும். அதன் கதை நீளமானது, இங்கே இது போதும்.

என் வாதத்துக்கு ஆய்வகத்துக்கு வெளியிலும் சோதனை உண்டு. முடிவு ஒரே இடத்தில் இருந்தால், பூச்சியின் எதிரிகள் அந்த ஒரே இடத்தைத்தான் தாக்க வேண்டும். நடப்பது அப்படியல்ல. நம் ஊர் விவசாயிகள் என்.பி.வி என்று வாங்கித் தெளிக்கும் கரைசலில் இருப்பது புழுக்களைத் தாக்கும் பாகுலோவைரஸ். இந்த வகை வைரஸ்களில் பலவற்றுக்கு ஈ.ஜி.டி என்ற மரபணு உண்டு. அதிலிருந்து பிறக்கும் நொதி எக்டைசோனோடு ஒரு சர்க்கரையை ஒட்டி அதைச் செயலிழக்கச் செய்கிறது என்று 1989இல் டேவிட் ஓ'ரெய்லியும் லோயிஸ் மில்லரும் காட்டினார்கள். வைரஸ் மூளையைத் தொடவில்லை, சுரப்பியைத் தொடவில்லை. குருதியில் ஓடும் ஹார்மோனைக் கெடுக்கிறது. தோலுரிக்காத புழு தின்றுகொண்டே இருக்கும், வைரஸ் பெருக இடமும் காலமும் கிடைக்கும். அந்த மரபணுவை நீக்கிய வைரஸ் தாக்கிய புழுக்கள் குறைவாகத் தின்று, சீக்கிரம் இறந்தன. பயிருக்கு அது நல்லது, வைரஸுக்கு நட்டம். கோபெச் ஆராய்ந்த அதே ஜிப்சி அந்துப்பூச்சியில், நோயுற்ற புழு சாகும் முன் மர உச்சிக்கு ஏறுவதற்கும் இந்த மரபணுவே காரணம் என்று 2011இல் ஓர் ஆய்வு சொன்னது.

வேம்பு வேறு இடத்தைத் தாக்குகிறது. வேப்பங்கொட்டையின் அசாடிராக்டின், மூளையிலிருந்து தூண்டு ஹார்மோன் வெளிவருவதைக் குலைத்து, எக்டைசோன் எழுச்சியைத் தாழ்த்தவோ தள்ளவோ செய்கிறது. புழு தோலைப் பாதி உரித்த நிலையில் மாட்டிக்கொண்டு சாவதை வேப்பங்கொட்டைச் சாறு தெளித்த வயல்களில் காணலாம். டெபுஃபெனோசைடு என்ற செயற்கை மருந்து இன்னொரு முனையில் செயல்படுகிறது. அது ஸ்டீராய்டே அல்ல. ஆனால் அந்துப்பூச்சிப் புழுக்களின் எக்டைசோன் ஏற்பியில் கச்சிதமாகப் பொருந்தி, வேளை வராமலே தோலுரிப்பைத் தொடங்கிவைக்கிறது. தொடங்கிய வேலை முடிவதில்லை. காரணம் முக்கியமானது. உண்மையான ஹார்மோன் எழுந்த பிறகு தணிய வேண்டும், தணிந்தால்தான் பழைய தோலை உதறித்தள்ளும் அசைவுகளுக்கான அடுத்த ஹார்மோன்கள் வெளிவரும். டெபுஃபெனோசைடு எளிதில் சிதைவதில்லை. தணிவு வராததால் புழு பழைய தலையோட்டுக்குள் சிக்கிப் பட்டினியில் மடிகிறது. உற்பத்தியைப் போலவே அழிப்பும் கணக்கின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தாவரங்கள் இதை மனிதர்களுக்கு வெகுகாலம் முன்பே கண்டுபிடித்துவிட்டன. கோஜி நாக்கனிஷி 1966இல் ஒரு கூம்புமரத்தின் இலைகளில் எக்டைசோன் வகைப் பொருள்களைக் கண்டபோது, 500 கிலோ கூட்டுப்புழுவில் மில்லிகிராம் கணக்கில் கிடைத்தது செடியில் தாராளமாகக் கிடப்பது தெரிந்தது. வேலியோரத்து நாயுருவியிலும் அது உண்டு. இதை வைத்து, செடி எக்டைசோன் தின்ற எல்லாப் பூச்சியும் தாறுமாறாகத் தோலுரிக்க வேண்டுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பல புழுக்களின் குடல் அதைக் கொழுப்பமிலத்தோடு பிணைத்து முடக்கி வெளியேற்றிவிடுகிறது. அந்த வேலியும் கட்டுப்பாட்டின் ஒரு படி. பட்டு வளர்ப்பில் இதையே நமக்குச் சாதகமாக்கியிருக்கிறார்கள். மைசூருவில் உருவான சம்பூர்ணா என்ற தாவர எக்டைசோன் கலவையை, கடைசிப் பருவத்தில் சில புழுக்கள் கூடுகட்டத் தொடங்கும் வேளையில் மல்பெரி இலையில் தெளித்துக் கொடுத்தால், முன்னும் பின்னுமாக இருந்த புழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில், கூடுகட்டுவதற்கான தட்டாகிய சந்திரிகையில் ஏறும். அந்த நேரத்தில்தான் அது பலிக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். உடல் எல்லா வகையிலும் தயாராகி, எழுச்சிக்குக் காத்திருக்கும் புழுவுக்கு வெளியிலிருந்து வரும் ஹார்மோன் ஒரு தள்ளல். சில நாள் முந்திக் கொடுத்தால் புழு இளைத்த கூட்டையே கட்டும்.

முதிர்பூச்சியில் இந்தச் சுரப்பி அழிந்துவிடுகிறது. பெரும்பாலான பூச்சிகள் அதன்பின் தோலுரிப்பதே இல்லை. சுரப்பிதான் ஹார்மோனின் உரிமையாளர் என்றால் எக்டைசோனும் அதோடு மறைய வேண்டும். மறையவில்லை. ஏடிஸ் கொசு மனித இரத்தம் குடித்ததும் அதன் சூலகம் எக்டைசோன் தயாரிக்கிறது என்று ஹென்றி ஹேகடார்னின் குழு 1975இல் கண்டது. ஃபேண்டம், டிஸெம்பாடிட், ஷேடோ என்ற அதே நொதிகள், அதே வரிசை. கொழுப்புத் திசு அதைச் செயலூக்கமுள்ள வடிவமாக்கி, முட்டைக்கு வேண்டிய மஞ்சள்கருப் புரதத்தைச் செய்யத் தொடங்குகிறது. இங்கே தோலும் இல்லை, உரிப்பும் இல்லை, முன்மார்புச் சுரப்பியும் இல்லை. ஆனாலும் வயிறு நிறைந்ததா, ஊட்டம் சேர்ந்ததா என்ற கேள்விகளுக்குப் பதில் வந்த பிறகே உற்பத்தி தொடங்குகிறது. குடித்த இரத்தத்தின் அமினோ அமிலங்களும் இன்சுலினும் மூளையின் சைகையும் கூடுகின்றன. கூடும் இடம் மட்டும் மார்பிலிருந்து சூலகத்துக்கு மாறியிருக்கிறது.